அல்பேர் அண்ணன் ஆயுள்மேல் பதினெட்டு லட்சம்

பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததாகக் கைப்பேசியில் செய்தி வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து. காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் ஊர்க்காரர்களின் இரத்தத்தை உறிஞ்சியதற்குக் கிடைத்த மொத்தப் பலன் அது. மாதா மாதம் ஓய்வூதியம் என்று வேறு ஒன்று வரும். இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். அதில் ஒரு கேஸ் சிலிண்டரும் முட்டிவலி மாத்திரையும் வாங்கலாம். சோற்றுக்கு இந்தப் பதினெட்டு லட்சம்தான். எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வயது அறுபது. இந்தப் பணம் போனால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

மறுநாளே ஊருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சித்தி மகன் வில்சன் பைக்கில் வந்து இறங்கினான். இரண்டு வருடமாக என் வாசலை மிதிக்காதவன் கையில் ஆப்பிளோடு வந்தான். கோட்டுச்சேரிப் பக்கம் மனை போடுகிறார்களாம், இப்போது வாங்கினால் ஐந்து வருடத்தில் மூன்று மடங்காம். "அஞ்சு வருஷம் நான் என்னத்தச் சாப்புடறது? மண்ணையா?" என்று கேட்டேன். ஆப்பிளை வைத்துவிட்டுப் போனான். ஜெபக் கூட்டத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் நகைச்சீட்டு என்றாள். மருந்துக்கடைக்காரர் பங்குச் சந்தை என்றார். சலோமி என்று ஒருத்தி இருப்பதே அந்த வாரம்தான் பலருக்கு ஞாபகம் வந்தது.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டேன். கறிக்கடையில் ஆட்டின் வயதைக் கேட்பேன். பாதிரியாரிடம் உண்டியல் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். ஆய்வகத்தில் சர்க்கரை அளவு எகிறி வந்தால், போன வாரம் யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரிக்காமல் தாளைக் கொடுத்ததில்லை. அதனால் பணத்தைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வோர் இடமாகப் போய்க் கேட்டேன். கடைசியில் தபால் ஆபீஸ்.

கவுண்ட்டரில் இருந்தது ஜுவைரியா. பத்து வருடத்துக்கு முன்னால், கர்ப்பமாக இருந்தபோது, என்னிடம் கை நீட்டி இரத்தம் கொடுத்தவள்; ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்றாள். ஐந்து வருடம். எட்டு புள்ளி இரண்டு சதவீதம் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கில் விழும். பதினெட்டு லட்சத்துக்கு மாதக் கணக்கில் பார்த்தால் பன்னிரண்டாயிரத்து முந்நூறு, முதல் அப்படியே இருக்கும் என்று சொல்லிப் படிவத்தை நீட்டினாள்.

"இந்தப் பணத்த வாங்கி நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"நானா வச்சிக்கப்போறேன்? கவர்மெண்டுக்குப் போவுதுக்கா."

"கவர்மெண்டு என்ன பண்ணும்?"

"அக்கா, ஒங்களுக்குப் பின்னாடி பதினாறு பேரு நிக்கிறாங்க."

படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாம் ஓடியது. ஒரு கட்டத்தில் பேனா நின்றது. நியமனதாரர் பெயர். எனக்குப் பிறகு பணம் யாருக்கு? அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம்: உறவு. வில்சன் பெயரை எழுதினால் அவன் என் சாவுக்கு நாள் குறித்துவிடுவான். வேறு பெயர் தோன்றவில்லை. அரைமணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் படிவத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தேன்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அல்பேர் அண்ணன் வந்தார்.

அல்பேர் அண்ணன் காரைக்காலில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். அவருடைய அப்பா அந்தக் குடியுரிமையை வைத்துக்கொண்டதால் மகனுக்கும் வந்தது. இருபது வயதில் கப்பல் ஏறி, பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் நட்டு முடுக்கி, அங்கேயே ரோசலியைக் கட்டி, ழெரெமி என்று ஒரு மகனைப் பெற்று, ரோசலி இறந்தபிறகு இங்கே திரும்பி வந்தவர். பதினாறு வருடமாகிறது. இப்போது வயது எழுபத்து மூன்று. அங்கிருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஓய்வூதியம் வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாக ஓர் அதிகாரி முன்னால் போய் நின்று கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துவார். "சலோமி, இன்னிக்கு நான் உயிரோட இருக்கறதா கவர்மெண்டு ஒத்துக்கிச்சு," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்.

அந்த வீட்டில் ஜோஸ்பினும் இருக்கிறாள். கருக்களாச்சேரிக்காரி. சமைக்க வந்தவள், பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். தெருவில் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். நான் பேசவில்லை, பேசியவர்களை நிறுத்தவும் இல்லை. என்னைவிட எட்டு வயது சின்னவள் என்பதால் ஜோஸ்பின் என்று பெயர் சொல்லியே கூப்பிடுவேன். அவள் என்னை அக்கா என்பாள். தினமும் பதினொரு மணிக்கு அவள் கொல்லைப்புறத்தில் இளநீர் சீவுகிற சத்தம் என் சமையலறைக்குக் கேட்கும்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒன் பதினெட்டு லட்சத்த எங்கிட்ட குடு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் மாசம் இருபத்தஞ்சாயிரம் தர்றேன். எழுதி, நோட்டரி போட்டுத் தர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பிரான்சில் இப்படி ஒரு வழக்கம் உண்டாம், வியாழே என்று பெயராம். தனியாக இருக்கிற கிழவி தன் வீட்டை ஒருவனுக்கு எழுதிக் கொடுப்பாள். அவன் கொஞ்சம் மொத்தமாகத் தருவான். பிறகு அவள் சாகும்வரை மாதா மாதம் தருவான். அவள் சீக்கிரம் செத்தால் அவனுக்கு லாபம். நூறு வயது வாழ்ந்தால் அவன் பாடு திண்டாட்டம்.

"அங்க கிழவி எப்ப போவான்னு காத்துக்கிட்டு இருப்பானுங்க. இங்க அதுக்கு நேர்மாறு. நான் நல்லா இருக்கணும்னு நீ தெனம் ஜெபமாலை சொல்லுவ. எனக்கு அதுவும் லாபம்தான்."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே மொத்தமா பதினெட்டு லட்சம்?"

"அதக் கேக்காத."

"மாசம் ஒரு லட்சம் வருதே, சேத்து வைக்கக்கூடாதா?"

"பையன் வீட்டுக் கடனுக்கே பாதி போயிடுச்சு பல வருஷம். எங்கிட்ட காசு நிக்காது. இதெல்லாம் ஜோஸ்பின்கிட்ட சொல்லிடாத."

கேட்காதே என்று ஒன்று, சொல்லிவிடாதே என்று இன்னொன்று. இரண்டையும் என்னிடம் சொல்லிவிட்டு அவர் எப்படி நிம்மதியாகத் தூங்கினாரோ, எனக்குத் தூக்கம் போனது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் இருபத்தைந்தாயிரம் என்றால் வருடம் மூன்று லட்சம். ஆறு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்கு மேல் அவர் வாழ்கிற ஒவ்வொரு மாதமும் எனக்கு மிச்சம். எழுபத்தொன்பது வரைக்கும் வாழமாட்டாரா? அவருடைய அப்பா தொண்ணூறைத் தொட்டவர். தபால் ஆபீசில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. கூரை ஒழுகுவதை நிறுத்தலாம். முட்டி அறுவைக்குச் சேர்த்துவைக்கலாம். எல்லாவற்றையும்விட, நியமனதாரர் கட்டம் ஒன்றை நிரப்ப வேண்டாம். எனக்குப் பிறகு கொடுக்க ஒன்றும் மிஞ்சாது, அவ்வளவுதான். ஆசை வந்துவிட்டது என்பதை ஒளிப்பானேன்.

ஆனால் அவர் நாளைக்கே போய்விட்டால்? ஓய்வூதியம் அன்றோடு நிற்கும். பதினெட்டு லட்சம் எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியாது. தபால் ஆபீசைக் கேள்வி கேட்டவள் இவரைச் சும்மா விடலாமா? கவர்மெண்டை அறுத்துப் பார்க்க முடியாது. அல்பேர் அண்ணனை ஊசி போட்டுப் பார்க்கலாம்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "ஒங்க ஆயுசு மேலதான் நான் பணம் போடப்போறேன். அதனால மொதல்ல ஒங்க ரத்தத்தப் பாக்கணும்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது. "எஞ்சினப் பாக்காம வண்டி வாங்கக்கூடாது. எப்ப வரணும்?" என்று கேட்டார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்கு உறுத்தியது.

வெறும் வயிற்றோடு காலை ஆறரை மணிக்கு வந்தார். ஜோஸ்பினிடம் கடற்கரைக்கு நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் கையை நீட்டச் சொன்னேன். ரப்பர் பட்டையை இறுக்கி நரம்பைத் தேடினேன். ஓய்வு பெற்று இரண்டு மாதமாகியும் என் விரல் மறக்கவில்லை, ஒரே குத்து. இரத்தம் குழாயில் இறங்கும்போது வழக்கம்போல அதன் நிறத்தைப் பார்த்தேன். வெளிறியிருந்தது. குனிந்து அவர் கணுக்காலைப் பார்த்தேன். காலுறையின் விளிம்பு சதையில் ஆழமாகப் பதிந்து தடம் போட்டிருந்தது.

"கால் எப்பலேருந்துண்ணே வீங்குது?"

"வீக்கமா? இது வயசு," என்றார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

குழாய்களைப் பையில் வைத்துக்கொண்டு பழைய ஆய்வகத்துக்குப் போனேன். என் இடத்தில் இப்போது ஜெர்லின் இருக்கிறாள். நான் பழக்கிவிட்ட பெண். மாதிரிகளை வாங்கி இயந்திரத்தில் வைத்துவிட்டு எனக்கு டீ வரவழைத்தாள். இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருடமும் மற்றவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்து என்னை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெர்லின் தாளோடு வந்தாள். "அக்கா, மெஷின்ல தப்போன்னு ரெண்டாந்தடவையும் போட்டுப் பாத்தேன். அதேதான் வருது."

க்ரியாட்டினின் ஆறு புள்ளி இரண்டு. ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. பொட்டாசியம் அதிகம். ஹீமோகுளோபின் எட்டு. டாக்டரிடம் காட்டித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அண்ணனுடைய சிறுநீரகம் இரண்டும் கடையைச் சாத்திக்கொண்டிருந்தன. வைத்தியம் இல்லாமல் விட்டால் சில மாதம்.

அப்போது என் மனசில் முதலில் வந்ததை அப்படியே சொல்கிறேன். நல்ல வேளை, பணம் தப்பித்தது. அதுதான் வந்தது. ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார் என்று கையில் தாளை வைத்துக்கொண்டு என் நெஞ்சு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது. அடுத்த மூச்சில் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"யாருக்கா இவரு? சொந்தமா?" என்று கேட்டாள் ஜெர்லின்.

"அண்ணன்," என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மேசை விசிறியைக் கழற்றிப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஜோஸ்பின் பாத்திரம் கழுவும் சத்தம். நான் தாளை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. என் முகத்தைத்தான் படித்தார்.

"எத்தன மாசம் ஓடும்?"

"அப்படின்னா ஒங்களுக்குத் தெரியும்." எனக்குச் சுருக்கென்று ஏறியது. "தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட பணம் கேட்டீங்களா?"

"தெரியாது சலோமி. சத்தியமா தெரியாது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன். டாக்டர்கிட்ட போவ பயம். நீ ஊசி போடணும்னு சொன்னப்ப, சரி, நம்ம சலோமியே பாத்துச் சொல்லட்டும்னு கைய நீட்டினேன். நல்லா இருந்தா ஒனக்கு லாபம். நல்லா இல்லன்னா நீயே பணத்த வச்சிக்கோ. அவ்வளவுதான் கணக்கு."

அதற்கு மேல் கோபத்தை அவர்மேல் வைத்திருக்க முடியவில்லை. "இப்பயாவது சொல்லுங்க. பணம் எதுக்கு?" என்று கேட்டேன்.

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். தலையை உள்பக்கம் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு. நான் போனா அவளுக்கு ஒண்ணும் கெடையாது."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கோட்டுச்சேரியில் ஒரு சின்னக் கோவிலில் அவருக்கும் ஜோஸ்பினுக்கும் திருமணம் நடந்திருக்கிறது. பாதிரியார், இரண்டு சாட்சிகள், வேறு யாரும் இல்லை. மகன் ழெரெமிக்குத் தெரிந்தால் அம்மா போய் நாலு வருடத்தில் இது தேவையா என்று கேட்பான் என்ற பயத்தில் ரகசியமாகவே வைத்துவிட்டார். கோவில் பதிவேட்டில் எழுதியதோடு சரி. நகராட்சியில் பதியவில்லை, பிரெஞ்சு ஆவணங்களில் ஏற்றவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். பதிவு இருந்தால் அவர் காலத்துக்குப் பிறகு ஓய்வூதியத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மனைவிக்குப் போகும். பதிவு இல்லாத மனைவி அந்த நாட்டுக்கு யாரோ ஒருத்தி. அதனால்தான் தன் மாதப் பணத்தை எப்படியாவது மொத்தப் பணமாக மாற்றி அவள் கையில் கொடுத்துவிடப் பார்த்திருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது.

"வருஷா வருஷம் இஸ்திரி போட்ட சட்டையோட போய், நான் உசுரோட இருக்கேன்னு கையெழுத்து வாங்கினீங்களே! கட்டின பொண்டாட்டி பேர எழுதிவைக்க ஒங்களுக்கு ஒரு நாள் கெடைக்கலையா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஜோஸ்பின் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவரைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு என்னக்கா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், சிறுநீரகம், பதினெட்டு லட்சம், மாதம் இருபத்தைந்தாயிரம். மறைக்கச் சொன்ன மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எதெல்லாம் சாப்புடக் குடுக்கக் கூடாது?"

"உப்பு, கருவாடு, வாழப்பழம். எளநி கூடவே கூடாது, அதுலதான் பொட்டாசியம் ஏறுது."

"எளநியா?" அவள் கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சூட்டுக்கு நல்லதுன்னு தெனம் குடுத்தேனேக்கா. ஒரு நாள் விட்டதில்லையே."

தினமும் பதினொரு மணிக்கு அந்த வெட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் கால் வீங்குவதை நான் முன்னமே பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றியது பணம் வந்த பிறகுதான்.

பிறகு அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை. "எனக்காவ அக்கா காச வாங்கப் பாத்தீங்களா? நீங்க போயிட்டீங்கன்னா, அந்தக் காச வச்சிக்கிட்டு பக்கத்து வீட்டுல இவங்க மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்? கேட்டனா ஒங்கள? பென்ஷன் வேணும்னு என்னிக்காவது கேட்டனா?"

அவள் கழுத்துக்குள் கையை விட்டு, ரவிக்கைக்குள் கிடந்த தாலியை வெளியே எடுத்தாள். சின்னச் சிலுவை கோத்த தாலி. கறுத்துப்போன மஞ்சள் கயிறு.

"எனக்கு இது போதும்னுதாங்கா இருந்தேன். யாரும் கேக்கல, நானும் காட்டல."

யாரும் கேட்கவில்லை என்றபோது அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பட்டுவிட்டது. கறிக்கடைக்காரரையும் பாதிரியாரையும் கவர்மெண்டையும் கேள்வி கேட்ட சலோமி, பன்னிரண்டு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பதில் எனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைத்திருந்தேன். தெருவில் பேசியதையே பதிலாக எடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதற்கடுத்த வாரமே அண்ணனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டினோம். இரத்தத்தைச் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு நாள் என்றார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். ஜோஸ்பின் உணவுப் பட்டியலை எழுதி வாங்கி, வரும் வழியெல்லாம் பேருந்தில் மனப்பாடம் செய்தாள். காய்கறியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டுச் சமைக்க ஆரம்பித்தாள். "ருசியே இல்ல," என்று அண்ணன் முனகினால், "ருசி வேணும்னா கோட்டுச்சேரி பாதரக் கூப்புடட்டுமா, சாவுறவங்களுக்குக் குடுக்கற கடைசி நன்மையக் குடுக்க?" என்பாள்.

ழெரெமிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் தொலைபேசியை எடுத்தார். பன்னிரண்டு வருடம் பயந்த பேச்சு நாலு நிமிடத்தில் முடிந்தது. மகனுக்கு முன்பே தெரியுமாம். சமையல்காரி யாரும் முதலாளியை இப்படி அதட்டமாட்டாள், போனில் கேட்கும்போதே புரிந்துவிட்டது என்றானாம். அப்பாவே சொல்லட்டும் என்று காத்திருந்தானாம்.

பதிவுதான் இழுத்தது. ரோசலியின் இறப்புச் சான்று அங்கிருந்து வர வேண்டும், ஜோஸ்பினின் பிறப்புச் சான்று இங்கே தேட வேண்டும், கோவில் பதிவேட்டிலிருந்து நகல் வேண்டும். ஒரு தாளில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தது. நான் விடவில்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் ஏறி, ஏன், எதற்கு, எப்போது என்று கேட்டதில் ஒரு குமாஸ்தா என்னைக் கண்டாலே எழுந்து உள்ளே போக ஆரம்பித்தார். கடைசியில் நகராட்சியில் பதிவு நடந்தது. எழுபத்து மூன்று வயது மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ஜோஸ்பின் அன்றைக்குத் தாலியை ரவிக்கைக்கு வெளியே போட்டிருந்தாள். தெருவில் நுழைந்தபோது நான்கு வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல், மெதுவாக, நடுத்தெருவில் நடந்துவந்தாள்.

இந்த அலைச்சலில் என் பணம் சேமிப்புக் கணக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். "ஒன் பணத்துக்கு ஒரு வழி பண்ணு. எம்மேல போட்டிருந்தா இந்நேரம் நீ தஞ்சாவூருக்கு வந்து மெஷின் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்."

"இப்ப மட்டும் எங்க உக்காந்திருக்கேனாம்?" என்றேன். வாரத்துக்கு ஒரு நாளாவது நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன். நாங்கள் திரும்பிவந்ததும் ஜோஸ்பின் என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுத்தான் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள்.

பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் முழுசாகச் சேர்ந்த அன்று நானும் ஜோஸ்பினும் சேர்ந்தே தபால் ஆபீசுக்குப் போனோம். அவள் கையில் கனமான உறை. என் கையில் காசோலையும் பழைய படிவமும். பைபிளுக்குள் கிடந்ததில் நடுவே ஆழமாக மடிப்பு விழுந்திருந்தது. ஜோஸ்பினின் உறைக்கு ரசீது கொடுத்துவிட்டு ஜுவைரியா என் படிவத்தை வாங்கினாள்.

"இத்தன மாசமா வட்டிய விட்டீங்களேக்கா. எங்க போட்டுப் பாத்துட்டு வந்தீங்க?"

"அது பெரிய கதை."

அவள் விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். "இங்க காலியா இருக்கே. நியமனதாரர் போடாம விட்டீங்கன்னா பின்னாடி கோர்ட்டு வாசல்ல நிக்கணும். யாரு பேரு?"

"ஜோஸ்பின்," என்றேன்.

பக்கத்தில் ரசீதை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த ஜோஸ்பின்க்கா?"

"எத்தன ஜோஸ்பின எனக்குத் தெரியும்?"

"வேணாங்கா. எனக்கு எதுக்கு? நீங்க நூறு வயசு இருப்பீங்க."

"இருந்தா நானே தின்னுட்டுப் போறேன். இல்லன்னா நீ தின்னு. அண்ணன் ஒனக்குக் குடுக்கப் பாத்த அதே பணந்தான். அவரு என்னயப் பட்டினி போட்டுச் சாவடிச்சிட்டுக் குடுக்கப் பாத்தாரு. நான் செத்தப்புறம் குடுக்கறேன். அதான் வித்தியாசம்."

ஜுவைரியா சிரித்தாள். பெயரை எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தாள். எழுதினேன். அடுத்த சின்னக் கட்டத்தைக் காட்டினாள்.

"உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோஸ்பின் அவசரமாக, "பக்கத்து வீடுன்னு போட்டுக்குங்கம்மா," என்றாள். அவளுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம். தெருவில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் யாராவது கேட்பதற்கு முன்னாலேயே தன்னை ஒரு படி கீழே இறக்கிக்கொண்டு பதில் சொல்லும் பழக்கம். அதை அவளுக்குப் பழக்கிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

பதினாறு வருடமாக அவரை அண்ணன், அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். அவர் மனைவி எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லித்தர எந்த அலுவலகமும் தேவையில்லை. வயது சின்னவள் என்பதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. நான் கட்டத்துக்குள் எழுதி, படிவத்தை ஜோஸ்பின் பக்கம் திருப்பினேன்.

அவள் குனிந்து படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் படித்தாள். கண்ணீர் படிவத்தின்மேல் விழப்போனதைப் பார்த்து ஜுவைரியா அதைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்.

"வாங்க அண்ணி, போவோம்," என்றேன். "அண்ணனுக்கு மருந்து நேரம்."